கக்கன் ஆண்டதையும் பேச விடுங்கள்: நினைவுப் பேச்சுப்போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மேலூர் வட்டாரத்தில் கக்கன் நினைவுப் பேச்சுப்போட்டியை நடத்திய குழுவின் தலைவர் அவர்களுக்கும், நடுவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும்:

நீங்கள் நடத்திய போட்டியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்காவது நிமிடத்தில் மணியடித்து நிறுத்தப்பட்டாள். எல்லோருக்கும் கொடுக்கப்பட்டிருந்த நேரம் ஆறு நிமிடம். அவளுடைய மதிப்பெண் தாளில், "தலைப்புக்குப் புறம்பானது, அரசியலும் சாதியும் கலந்த பேச்சு" என்று எழுதப்பட்டிருந்தது. அந்தப் பேச்சுக்காக அவள் மூன்று வாரம் உழைத்தாள். அவளுக்குப் படிக்க எடுத்துக் கொடுத்தவன், இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்தோர் ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற நான். பரிசு யாருக்குப் போனது என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பரிசு பெற்ற பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். மதிப்பெண் தாளில் உள்ள அந்த ஒரு வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மறுநாளே குழுவின் பொறுப்பாளர் ஒருவரை நேரில் கண்டு இதைச் சொன்னேன். "மறைந்துபோன தலைவரை மேடையில் நிறுத்தி விசாரிக்கக் கூடாது ஐயா, பிள்ளைகளுக்கு நல்லதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்" என்றார். மரியாதையோடுதான் சொன்னார். ஆனாலும் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. கக்கன் எங்கள் மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர். அவரைப் பற்றி எங்கள் பிள்ளைகள் எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதை ஒரு மணியோசை முடிவுசெய்யும் என்றால், அதைப் பற்றி ஊரறியப் பேசித்தான் ஆக வேண்டும். அதனால் இந்த மடல்.

மணியடிப்பதற்குச் சற்று முன்பு அந்தப் பெண் கேட்ட கேள்வி இதுதான். 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, மத்திய அமைச்சரவையிலிருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அதே நாட்களில் சென்னை மாநிலத்தின் உள்துறை அமைச்சராக இருந்த கக்கன் ஏன் பதவியில் தொடர்ந்தார், அவர் மனத்தில் அப்போது என்ன இருந்திருக்கும்? கக்கனைக் குற்றவாளி என்று அவள் சொல்லவில்லை. அடுத்து அவள் சொல்லவிருந்த வாக்கியம் அவள் கையெழுத்துப் படியில் இருக்கிறது: "இப்படியொரு கேள்வியைக் கேட்கும் அளவுக்கு அவர் பெரிய பொறுப்பில் இருந்தார் என்பதையே நாம் மறந்துவிட்டோம்." அந்த வாக்கியத்துக்கு முன்னால்தான் மணி அடித்தது. நான் நாற்பது பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் சொல்லப் போவது ஒன்றுமில்லை.

உங்கள் தலைப்பு "எளிமையின் சின்னம் கக்கன்". அன்று பேசிய பதினேழு பேரில் பதினாறு பேர் மருத்துவமனைக் கதையில் தொடங்கினார்கள், அல்லது அதில் கொண்டுபோய் முடித்தார்கள். அந்தக் கதையை நான் மறுக்கவில்லை. மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் அவர் நோயாளியாகக் கிடந்ததையும், வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைக் கேள்விப்பட்டு அவரிடம் சென்றதையும், பிறகு அரசு உதவி கிடைத்ததையும் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. போட்டிக்கு முன் நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்புத் தாளையும் நான் படித்தேன். அதில் ஒன்பது நிகழ்ச்சிகள் இருந்தன. ஏழு நிகழ்ச்சிகள் அவர் 1967இல் தோற்ற பிறகு நடந்தவை. எஞ்சிய இரண்டும் அமைச்சராக இருந்தபோது அவர் எதை வாங்க மறுத்தார் என்பதைச் சொல்லுபவை. அமைச்சராக இருந்து அவர் எதைச் செய்தார் என்று ஒரு வரிகூட அதில் இல்லை, அணை பற்றிய ஒரு வரியைத் தவிர. அந்த வரியும் தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

1957 ஏப்ரலில் காமராசர் அமைத்த அமைச்சரவையில் முதலமைச்சரையும் சேர்த்து எட்டுப் பேர்தாம் இருந்தார்கள்: காமராசர், பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், மாணிக்கவேலு நாயக்கர், கக்கன், ராமையா, லூர்தம்மாள் சைமன். காமராசர் பெயரைச் சொன்னால் பள்ளிக்கூடங்களும் மதிய உணவும் நினைவுக்கு வருகின்றன. சுப்பிரமணியம் என்றால் பின்னாளில் அவர் மத்திய அமைச்சராக நின்று நடத்திய பசுமைப் புரட்சி. வெங்கட்ராமன் என்றால் கிண்டித் தொழிற்பேட்டை. இவர்களை அவர்கள் செய்த காரியத்தை வைத்துச் சொல்கிறோம். அதே மேசையில் உட்கார்ந்து அதே கோப்புகளில் கையெழுத்திட்ட கக்கனைச் சொல்லும்போது மட்டும் பேருந்துப் பயணமும் வாடகை வீடும் மருத்துவமனைத் தரையும் போதும் என்று எப்படி முடிவுசெய்தோம்? காமராசரும் எளிமையாக வாழ்ந்தவர்தாம்; இறக்கும்போது சொத்தென்று எதையும் விட்டுச் செல்லாதவர்தாம். ஆனால் காமராசரின் எளிமை அவர் ஆட்சியைப் பற்றிய பேச்சுக்குப் பின்னால் வருகிறது. கக்கனின் எளிமை அவர் ஆட்சியைப் பற்றிய பேச்சு நடக்கவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்குக் காரணம் சாதி என்று நான் நினைக்கிறேன். இதை எழுதுவதால் நடுவர்கள் என் மடலிலும் "சாதி கலந்தது" என்று குறித்துவைப்பார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறேன். பறையர் குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஏழையாக இருந்தார், பணிவாக இருந்தார், எதையும் கேட்காமல் இருந்தார் என்று சொல்வது இந்த வட்டாரத்தில் யாரையும் உறுத்தாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், உத்தரவிட்டார், காவல்துறை முழுவதும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று சொன்னால் அவையில் சிலர் நெளிகிறார்கள். அன்று நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் "உள்துறை அமைச்சர்" என்று சொன்னபோது முன்வரிசையில் நடந்த சலசலப்பைப் பார்த்தேன்.

அவருடைய பொதுவாழ்வின் தொடக்கத்திலேயே எதையும் கேட்காத மனிதர் ஒருவரை நாம் காணவில்லை. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள், ஆலய நுழைவை முன்னின்று நடத்திய காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயரோடு நுழைந்த ஒடுக்கப்பட்ட மக்களின் சிறு குழுவில் கக்கனும் ஒருவர். சண்முக நாடாரும் அவர்களோடு சென்றார். தும்பைப்பட்டிக் கோயில் பூசாரியின் மகனுக்கு அப்போது முப்பத்தோரு வயது. கோயிலுக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது. உள்ளே போனவர்களுக்கும் அனுமதித்தவர்களுக்கும் சட்டப் பாதுகாப்புக் கொடுக்க ராஜாஜியின் அரசு அதே ஆண்டு சட்டம் செய்யவேண்டி வந்தது. ஒரு காலடி எடுத்து வைத்ததற்காக மாகாண அரசு சட்டம் இயற்றுகிறது என்றால், அந்தக் காலடியை எடுத்து வைத்தவர்களைப் பணிவு என்ற சொல்லால் விளக்க முடியுமா? உங்கள் குறிப்புத் தாளில் இந்த நாள் இல்லை. மதுரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில் வாழும் எங்கள் பிள்ளைகள் மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போகிறார்கள். எந்த வாசலைத் தாண்ட யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று தெரியாமல் போய்விட்டு வருகிறார்கள்.

இரண்டாவதாக, அரசியல் நிர்ணய சபை. 1946 முதல் 1950 வரை, இந்திய அரசியலமைப்பை எழுதிய அந்த அவையில் கக்கன் உறுப்பினராக இருந்தார் என்று சொன்னபோது என்னிடம் படித்த பட்டதாரிகளே நம்பவில்லை. 1948 நவம்பர் 30ஆம் நாள், அரசு வேலைவாய்ப்பில் சம வாய்ப்பைப் பற்றிய பிரிவு அங்கே விவாதத்துக்கு வந்தது. கக்கன் எழுந்து சுருக்கமாகப் பேசினார். உயர் அதிகாரிகள் தங்களவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள், அரிசனங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை என்றார்; பதவி உயர்விலும் எங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றார்; தகுதி என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் எங்கள் மக்கள் முன்னேற வழியில்லை, ஆகவே சில ஆண்டுகளுக்காவது இடங்களை ஒதுக்குங்கள் என்றார்; காவல்துறையிலும் ராணுவத்திலும் கூடுதல் இடம் கொடுங்கள் என்று குறிப்பிட்டுக் கேட்டார். இன்றைக்குத் தேநீர்க் கடை முதல் உச்ச நீதிமன்றம் வரை நடக்கும் வாதத்தின் எல்லா முனைகளும் அந்தச் சில வாக்கியங்களில் இருக்கின்றன. காவல்துறையில் எங்களுக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டவர், பதினைந்தாம் ஆண்டில் அந்தக் காவல்துறைக்கே அமைச்சரானார். இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு பதினேழு பிள்ளைகளும் பதினேழு விதமாகப் பேசியிருக்கலாம். அந்தப் பெண் பேசினாள். அதைத்தான் "தலைப்புக்குப் புறம்பானது" என்று எழுதினீர்கள்.

அதன்பின் 1952 முதல் 1957 வரை மதுரையிலிருந்து மக்களவை உறுப்பினர்; 1954இல் காமராசர் முதலமைச்சரானபோது அவர் விட்டுச் சென்ற தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவியில் அமர்ந்தவர் கக்கன். ஆளுங்கட்சியின் மாநிலத் தலைவராக ஒரு தலித் இருந்த காலம் அது. இதையும் குறிப்புத் தாள் சொல்லவில்லை.

1957இல் அவருக்குப் பொதுப்பணித்துறையும், அன்று அரிசன நலம் என்று அழைக்கப்பட்ட துறையும் வந்தன. "மேட்டூர் அணையைக் கட்டியவர் கக்கன்" என்று உங்கள் குறிப்பு சொல்கிறது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது; கக்கனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவர் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்தபோது, 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது வைகை அணை. அந்த அணையின் பணிகள் அவர் பதவிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டன. அவர் ஒருவரே கட்டினார் என்று சொல்வதும் பொய்யாகிவிடும். ஆனால் பணியை முடித்துத் தண்ணீரைத் தேக்கிய காலத்தில் துறை அவர் கையில் இருந்தது. எங்கள் வட்டாரத்துக்கு வைகை அணை வேறெந்த அணையைப் போலவும் இல்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் அந்த அணைக்கு வந்து, பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் திரும்பி, கள்ளந்திரியைத் தாண்டித்தான் மேலூர்ப் பக்கம் வருகிறது. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே நாங்கள் ஒருபோகம். எந்த மாதம் தண்ணீர் திறப்பார்கள் என்பதை வைத்துத்தான் எங்கள் வீடுகளில் கல்யாணத் தேதியே குறிப்பார்கள். கக்கனின் கையெழுத்து இன்றும் எங்கள் வாய்க்காலில் ஓடுகிறது என்று என் தந்தை சொல்வார். பேச்சுப்போட்டியில் பேசிய பிள்ளைகளில் பாதிப்பேராவது விவசாய வீட்டுப் பிள்ளைகள். தங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வழியோடு தங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பெயரைச் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்காமல், அவர் கட்டாத ஓர் அணையைக் கொடுத்திருக்கிறோம். புகழ்வது ஒன்றே நோக்கமாக இருக்கும்போது இப்படித்தான் நடக்கும், யாரும் சரிபார்ப்பதில்லை.

1962இல் வேளாண்மைத்துறை, 1963 அக்டோபரில் காமராசர் விலகிப் பக்தவத்சலம் முதலமைச்சரானதும் உள்துறை. மாநிலத்தின் லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் 1964இல், அவர் உள்துறையில் இருந்த காலத்தில் உருவானது. லஞ்சம் வாங்காதவர் என்று அவரைப் பாராட்டும் நாம், மற்றவர்கள் வாங்குவதைத் தடுக்க ஒரு துறையே அவர் காலத்தில் அமைந்ததைச் சொல்வதில்லை. முதலாவது அவருடைய சொந்த ஒழுக்கம், இரண்டாவது ஆட்சி. ஓர் அமைச்சரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது இரண்டாவதை.

இனி, மணி அடிக்கக் காரணமான இடத்துக்கு வருகிறேன். 1965 ஜனவரி 25ஆம் நாள் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மூண்ட மோதலில் தொடங்கி, மாநிலம் முழுவதும் இரண்டு வாரங்களுக்கு மேல் கொந்தளித்தது. துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, ராணுவம் அழைக்கப்பட்டது, அரசுக் கணக்கிலேயே சுமார் எழுபது பேர் இறந்தார்கள். சிதம்பரத்தில் மாணவர் ராசேந்திரன் ஜனவரி 27ஆம் நாள் சுடப்பட்டு இறந்தார். அப்போது எனக்கு ஆறு வயது. மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா மகன் அந்த ஊர்வலத்தில் போனவர். பிறகு பல நாட்கள் வீட்டுக்கு வராமல் சிவகங்கைப் பக்கம் ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். பெரியம்மா ஒவ்வொரு இரவும் திண்ணையில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அதே வீட்டுக் கூடத்தில் காந்தி, காமராசர் படங்களுக்குப் பக்கத்தில் கக்கனின் படமும் மாட்டியிருந்தது. நம்மில் ஒருவர் அமைச்சர் என்ற பெருமையில் பெரியப்பா மாட்டிய படம். அண்ணன் திரும்பி வந்த பிறகு அந்தப் படத்தைக் கழற்ற வேண்டும் என்று சண்டை போட்டார். பெரியப்பா கழற்றவில்லை. அண்ணனும் அதன்பின் கழற்றவில்லை. பெரியப்பா இறந்த பிறகும் படம் அங்கேயே இருந்தது. 1967 தேர்தலில் அண்ணன் தி.மு.க.வுக்கு வேலை செய்தார்; பெரியப்பா காங்கிரசுக்கு வாக்களித்தார்; ஒரே பானைச் சோற்றைத்தான் இருவரும் சாப்பிட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கக்கனை மதிப்பதும் அவரைக் கேள்வி கேட்பதும் ஒரே வீட்டில் நடந்திருக்கின்றன என்பதை நான் பார்த்து வளர்ந்தவன். எழுத்தறிவு குறைந்த என் பெரியப்பாவால் அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. படித்தவர்கள் நிரம்பிய உங்கள் குழுவால் ஏன் முடியவில்லை? சுடுமாறு உத்தரவிட்டது யார், முதலமைச்சருக்கும் உள்துறை அமைச்சருக்கும் இடையில் என்ன பேச்சு நடந்தது, ஒரு தலித் அமைச்சர் அந்த அரசுக்குள் எவ்வளவு தூரம் தன் சொல்லை நிலைநாட்ட முடிந்தது என்பவையெல்லாம் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தக் கேள்விகளை நிறுத்தினால், அவர் முடிவெடுக்கும் இடத்தில் இருந்ததே இல்லை என்றுதான் பிள்ளைகளின் மனத்தில் பதியும்.

1957இல் மேலூரிலும் 1962இல் சமயநல்லூரிலும் வென்றவர், 1967இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி. இராமனிடம் தோற்றார். அந்தத் தோல்விக்குள் மொழிப் போராட்டமும் இருந்தது, அரிசித் தட்டுப்பாடும் இருந்தது, இருபது ஆண்டு காங்கிரஸ் ஆட்சியின் மீதான சலிப்பும் இருந்தது. மக்கள் அவரை ஓர் ஆட்சியாளராக எடைபோட்டுத் தோற்கடித்தார்கள். ஓர் அரசியல்வாதிக்கு மக்கள் செய்யக்கூடிய நேர்மையான காரியம் அது. அதற்குப் பிறகு 1981 டிசம்பர் 23ஆம் நாள் அவர் இறக்கும்வரை இருந்த பதினான்கு ஆண்டுகளைத்தான் நாம் ஊதிப் பெரிதாக்கி, அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளை மறைத்திருக்கிறோம்.

அந்த மருத்துவமனைக் கட்டிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாண்டு அமைச்சராக இருந்த ஒருவர், சிகிச்சைக்கு வசதியின்றி, யாரும் அறியாமல் கிடந்தார் என்பதைக் கேட்டு நாம் கண்கலங்குகிறோம், கைதட்டவும் செய்கிறோம். அவருடைய நேர்மையை அது காட்டுகிறது என்பது உண்மை. அவர் உழைத்த கட்சியும், அவர் ஆண்ட மாநிலமும், அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதியும் பதினான்கு ஆண்டுகள் அவரை என்ன நிலையில் விட்டிருந்தன என்பதையும் அது காட்டுகிறது. எங்கள் ஊர் மேடைகளில் இந்த இரண்டாவது பாதியை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

1997 ஜூன் 30ஆம் நாளை நீங்கள் யாரும் மறந்திருக்க முடியாது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட நாள். மேலவளவும் தும்பைப்பட்டியும் ஒரே மேலூர் வட்டத்தில் உள்ள ஊர்கள். முருகேசன் ஏழையாக இருந்ததற்காக யாரும் அவரைக் கொல்லவில்லை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காகக் கொன்றார்கள். அந்த வாரம் என் வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. வந்திருந்த பிள்ளைகளிடம் நான் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பாடத்திட்டத்தில் இருந்த முகலாயர் நிர்வாகத்தை நடத்தினேன். பேசினால் பள்ளியில் பிரச்சினை வரும் என்று பயந்தேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. இதே வட்டத்திலிருந்து ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு மாநிலத்தின் அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நாற்காலி உங்களுக்கும் உரியதுதான் என்று அன்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லத் தவறியதை ஒரு மாணவி உங்கள் மேடையில் சொல்ல வந்தாள்.

போட்டிக்குத் தலைப்பு வேண்டும், தலைப்புக்குள் பேச வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் நீங்கள். குறிப்புத் தாளை எழுதியவர்கள் நீங்கள். ஆறு நிமிடத்தை நான்காக்கியதும் நீங்கள். எனவே கோரிக்கைகளை உங்களிடமே வைக்கிறேன்.

அந்த மாணவியின் மதிப்பெண் தாளில் உள்ள வரியை நீக்குங்கள். நீக்கியதை அவளுக்கும் அவள் பள்ளிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பரிசு கேட்கவில்லை. வரும் டிசம்பர் 23ஆம் நாள் நினைவுநாள் கூட்டத்தில் அவளுடைய பேச்சை, நிறுத்தாமல், ஆறு நிமிடமும் பேச அழையுங்கள். அவள் சொல்வதை மறுக்க விரும்பும் நடுவர் இருந்தால் அதே மேடையில் அவளுக்குப் பின் பேசி மறுக்கட்டும்.

குறிப்புத் தாளைத் திரும்பப் பெறுங்கள். மேட்டூர் அணை பற்றிய வரியைத் திருத்துங்கள். 1939, 1948, 1954, 1957 முதல் 1967 வரை என்று அவருடைய பணிகளைச் சேர்த்துப் புதிய தாள் எழுதுங்கள். 1965ஐ விட்டுவிடாதீர்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம். ஆனால் நான் எழுதுவதையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டுத் தலைப்பில் எளிமை என்ற சொல் வேண்டாம். "அரசியல் நிர்ணய சபையில் கக்கன்", "பொதுப்பணித்துறையில் கக்கன்", "உள்துறையில் கக்கன்" என்று மூன்றில் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

கடைசியாக, அவர் அரசியல் நிர்ணய சபையிலும், மக்களவையிலும், சட்டமன்றத்திலும் பேசியவற்றைத் தொகுத்துத் தமிழில் ஒரே நூலாக வெளியிடுமாறும், அந்த நூலைத் தும்பைப்பட்டி நினைவு மண்டபத்திலும் மதுரை மாவட்டத்து எல்லா அரசுப் பள்ளி நூலகங்களிலும் வைக்குமாறும் தமிழ்நாடு அரசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்து ஆசிரியர்கள் சிலர் கையெழுத்திட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கக்கன் பெயரில் இயங்கும் குழு என்ற முறையில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். கையெழுத்திடுவீர்களா, மாட்டீர்களா என்பதையும், மேலே கேட்ட மற்றவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள் என்பதையும் முப்பது நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.